வராத பதினொரு வரிகள்

அக்கா ஒரு காகிதத்தைக் கையில் வாங்கினால் உடனே வாசிக்க மாட்டார். வெளிச்சத்துக்குப் பிடித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டுவார். கடிதம் யாருக்கு, என்ன விடயம் என்பதெல்லாம் பிறகுதான். எங்கேயாவது எழுத்துகள் கீழ்நோக்கி இழுபட்டிருக்கின்றனவா, வளைந்து வந்த கோடு திடீரென்று நேராகிவிட்டதா என்று பார்ப்பார். அப்படி ஒன்று அகப்பட்டால் விரல் அந்த இடத்தில் நின்றுவிடும். அதன் பிறகு அவரைச் சமாளிக்க முடியாது.

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கு ஒரு கடை இருந்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முனையில், பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். மூன்று தொலைபேசிக் கூண்டுகள், தொலைநகல் எடுக்க ஒரு பக்ஸ் மெசின், வந்தவர்கள் உட்கார்ந்து காத்திருக்க ஒரு மர வாங்கு. டென்மார்க்கிலிருந்து அண்ணன் காசு அனுப்பிப் போட்டுத் தந்தது. அந்த நாட்களில் தமிழர் இருந்த தெருவெல்லாம் இப்படி ஒரு கடை இருந்தது. லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்துக் கிடந்தவர்கள் எல்லாருக்கும் எங்கிருந்தாவது ஒரு காகிதம் வரவேண்டியிருந்தது. ஸ்பொன்சர் கடிதம், பிறப்புச் சான்றிதழ், வக்கீலின் பதில். காகிதம் தொலைபேசிக் கம்பியால் வந்து மெசினுக்குள்ளிருந்து சுருண்டு விழும். சூடாக இருக்கும். அதை இரண்டு கையாலும் வாங்குவார்கள்.

அக்காவும் அப்படி ஒரு காகிதத்துக்காகத்தான் வந்தார். அவுஸ்திரேலியாவில் இருந்த தங்கை அனுப்பியிருந்தார். வந்த பக்கத்தின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு எழுத்துகள் கம்பி கம்பியாக இழுபட்டுக் கிடந்தன. வாசிக்கலாம்தானே என்று நான் சொன்னேன். எல்லாருக்கும் சொல்வதுதான்.

"உங்கட மெசின் பொய் சொல்லுது" என்றார்.

"என்ன பொய்?"

"வராததை வந்த மாதிரிக் காட்டுது."

நின்றபடியே விளங்கப்படுத்தினார். வடக்கில் ஒரு தொலைபேசி நிலையத்தில் தொழில்நுட்பப் பகுதியில் வேலை செய்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அனுப்புற மெசின் பக்கத்தை மெல்லிய வரி வரியா வெட்டும். ஆயிரத்துக்கு மேல வரி. ஒவ்வொரு வரியிலயும் இத்தினை புள்ளி வெள்ளை, இத்தினை கறுப்பு, பிறகு இத்தினை வெள்ளை எண்டு எண்ணும். அதைச் சுருக்கிக் குறியா அனுப்பும். அடிக்கடி வாறதுக்குச் சின்னக் குறி, அருமையா வாறதுக்கு நீட்டுக் குறி. இங்க இருக்கிற மெசின் அந்தக் குறியைப் பிரிச்சுக் கூட்டிப் பாக்கும். ஒரு வரியில ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டுப் புள்ளி வரவேணும். லைன்ல இரைச்சல் விழுந்தால் கணக்குச் சரி வராது. அப்ப அந்த வரி பழுது."

"பழுதெண்டால் என்ன செய்யும்?"

"எறிஞ்சுபோட்டு, மேல் வரியைத் திரும்ப ஒருக்கால் அடிக்கும். அடுத்ததும் பழுதெண்டால் அதையே திரும்பவும் அடிக்கும். பாக்க வடிவா இருக்கும். ஆனால் அது ஆரும் அனுப்பின வரி இல்லை."

இதைச் சொல்லிக்கொண்டே மெசினின் கைநூலைக் கேட்டு வாங்கிவிட்டார். அவர் என்னிடம் வேலை கேட்டாரா, நான் அவரைக் கேட்டேனா என்பது இப்போது ஞாபகமில்லை. அடுத்த திங்கட்கிழமை கடையில் நின்றார். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்துகொண்டு, தினமும் இரண்டு பஸ் மாறி வந்தார். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூப்பு. நான் அக்கா என்றேன். கடைக்கு வருகிற எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

ஓரிடத்தில் இருக்கமாட்டார். கூண்டுக்கும் மெசினுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். ஒரு பக்ஸ் வரத் தொடங்கி இரண்டு மெசின்களும் கீச்சிட்டுக் கதைத்துக்கொள்ளும்போது மட்டும் நடை நிற்கும். தலையைச் சரித்துக் கேட்பார். "இது வராது" என்பார், அல்லது "பரவாயில்லை, வரும்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்த நேரத்தில் அவரோடு யாரும் கதைக்கக்கூடாது. நான் ஒருமுறை தேநீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. கடை என்னுடையது.

கொஞ்ச நாளில் கணினியும் அதற்குள் ஒரு மோடமும் வாங்க வைத்தார். வந்த குறிகள் அப்படியே கணினிக்குள் தங்கும். காகிதத்தில் அடித்துத் தருவது வேறு வேலை. "மெசின் பிரிச்சுக் காட்டுறதை மட்டும் நம்பி இருக்கேலாது. வந்ததையும் வைச்சிருக்க வேணும்" என்றார். கணினியில் இன்னுமொன்றும் செய்தார். பழுதான வரிகளை மேல் வரியால் நிரப்பாமல் வெறும் வெள்ளையாக விடும்படி மாற்றினார். அதன் பிறகு எங்கள் கடையிலிருந்து போன காகிதங்களில் அங்கங்கே வெள்ளைப் பட்டைகள் கிடந்தன. பக்கத்துக் கடையில் வடிவாக வருகிறதே என்று ஆட்கள் முறையிட்டார்கள்.

இந்தக் குணம் பக்ஸோடு நின்றிருந்தால் நான் சமாளித்திருப்பேன். வடக்கிலிருந்து வந்த தமிழர்கள் பொலிஸில் பதியவேண்டிய படிவத்தில் எவ்வளவு காலம் கொழும்பில் தங்குவீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கும். எல்லாரும் மூன்று மாதம் என்று எழுதுவார்கள். மூன்று வருடம் இருந்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். அக்கா 'தெரியாது' என்று எழுதினார். மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்றாம் தடவை லொட்ஜ்காரர் என்னிடம் வந்து அழாக்குறையாக முறையிட்டார்.

"ஒரு பொய்யை எழுதினால் என்ன அக்கா?" என்று கேட்டேன்.

"பொய் எழுதலாம். ஆனால் பிறகு அதை நான் ஞாபகம் வைச்சிருக்க வேணுமே" என்றார். சிரிக்கவில்லை.

சாதகக் கதை ஒன்றும் இருக்கிறது. தெஹிவளையிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகளுக்குக் கனடா மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் சாதகக் குறிப்பு பக்ஸில் வந்தபோது கட்டத்தின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை விழுந்திருந்தது. மனிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"பரவாயில்லை. இந்த வீட்டில ஒண்டுமில்லை. வெறும் வீடு" என்றார்.

அக்கா காகிதத்தை விடவில்லை. "வெறும் வீடெண்டால் சுத்தவரக் கோடு இருக்கும். இதில கோடும் இல்லை. அப்ப கிரகமும் வராமல் விட்டிருக்கலாம்."

"எனக்கு இவ்வளவும் காணும் பிள்ளை. தாங்கோ."

"தரலாம். ஆனால் திருப்பி எடுப்பிச்சுத்தான் தருவன்."

திருப்பி எடுப்பித்தார். அந்த வீட்டில் செவ்வாய் இருந்தது. சம்பந்தம் குழம்பியது. தகப்பன் பிறகு வந்து கடை வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "உங்களுக்கு இந்த ஒரு வெள்ளைப் பட்டையை மூடிவிட ஏலாமப் போச்சே."

அன்று அக்கா போன பிறகு, நான் கணினியில் அந்த அமைப்பைப் பழையபடி மாற்றிவிட்டேன். பழுதான வரி வந்தால் மேல் வரியால் நிரம்பும். காகிதங்கள் மறுபடி வடிவாக வரத் தொடங்கின. அவருக்குச் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தைய மாதம் கொழும்பில் பல இடங்களில் தமிழரைப் பிடிக்கும் சுற்றிவளைப்பு நடந்திருந்தது. பிடிபட்டவர்களைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கே போய்வந்த ஒரு வக்கீல், பிடிபட்டவர்களின் பெயரையும் முகாமில் கொடுத்த இலக்கத்தையும் எங்கள் கடைக்குத்தான் பக்ஸில் அனுப்புவார். வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துப் போவார்கள். வெள்ளிக்கிழமை முகாமுக்குள் ஏதோ கலவரம் என்று கதை வந்தது. சனிக்கிழமை காலையிலிருந்து மழை. பகல் பன்னிரண்டு மணிக்கு வக்கீலின் பக்ஸ் வந்தது. கையால் எழுதிய ஒன்பது இலக்கங்கள், ஒன்பது பெயர்கள். எட்டுப் பேருக்கு நேரே 'காயம்' என்று இருந்தது. ஒருவருக்கு நேரே 'இறந்தார்' என்று இருந்தது.

இறந்தவரின் பெயர் சிவகுமார். அந்த முகாமில் இரண்டு சிவகுமார்கள் இருந்தார்கள். பதியும்போது பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு பேர் ஒன்றாக எழும்பியதால் அடுத்தடுத்த இலக்கம் கிடைத்திருந்தது. இருநூற்றுப் பதினைந்து கிருலப்பனையைச் சேர்ந்த பையன். கணக்கியல் படித்துக்கொண்டிருந்தவன், கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் மகன். இருநூற்றுப் பதினாறு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து முகத்துவாரத்தில் குடியிருந்தவர். அவருடைய மனைவி அன்று விடிந்ததிலிருந்தே கடை வாங்கில் இருந்தார். கணவனின் இலக்கம் எழுதிய துண்டை சட்டைக்குள்ளிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

அக்கா அப்போது தபாற்கந்தோருக்குப் போயிருந்தார். காகிதத்தை நான்தான் வாசித்தேன். பெயர் கொஞ்சம் இழுபட்டிருந்தது. இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு, ஒன்று, ஆறு என்று சத்தமாக வாசித்துவிட்டேன்.

முகத்துவாரத்துப் பெண் அழவில்லை. வாங்கிலிருந்து வழுகி நிலத்தில் இருந்தார். பிறகுதான் சத்தம் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கிருலப்பனைத் தகப்பன்.

"ஐயா, இருநூற்றுப் பதினாறுதான் கிடக்கு. உங்கட மகன் இல்லை" என்றேன்.

 "அங்க அழுகிறது ஆர் பிள்ளை?" என்று கேட்டார். நான் ரிசீவரைக் கையால் பொத்தினேன். அவர் மெதுவாக வைத்துவிட்டார்.

அக்கா நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னமே காகிதத்தை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். விரல் நின்றது.

"இந்த ஆறு வரேல்லை" என்றார்.

"அக்கா, வடிவாத் தெரியுதே."

"தெரியுது. வரேல்லை. பதினொரு வரி ஒரே மாதிரிக் கிடக்கு. ஐந்தின்ர இடப்பக்கக் கோட்டைக் கீழ வரைக்கும் இழுத்தாலும் இப்பிடித்தான் இருக்கும்." என்னைப் பார்த்தார். "இது வெள்ளையாத்தானே வந்திருக்க வேணும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அதோடு விட்டார். வக்கீலின் தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தார். லைன் செத்திருந்தது. மழையில் அந்த ஊர்த் தொலைபேசிகள் எல்லாம் விழுந்துவிட்டன என்றார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் என்னை அடிக்கச் சொல்லிவிட்டு, கணினிக்குள் தங்கியிருந்த குறிகளைப் பிரிண்டரில் அடித்தார். பூச்சியமும் ஒன்றுமாகக் காகிதம் நீண்டுகொண்டே வந்தது.

நிலத்தில் இருந்த பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அம்மா, அப்ப எங்க வீட்டுக்காரரு இருக்காருங்களா?"

"தெரியாது" என்றார் அக்கா.

கடைக்குள் நின்ற ஒருவர், "ஓமெண்டு சொன்னால் வாயில இருந்து என்ன போகும்?" என்று சத்தம் போட்டார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி, ஒரு பென்சில், குறிகளின் அட்டவணை. ஒவ்வொரு வரி முடிகிற இடத்திலும் ஒரு அடையாளக் குறி வரும் என்பதால் வரிகளை வெட்டிப் பிரிக்க முடிந்தது. பிறகு ஒரு வரியை எடுத்து, குறி குறியாகப் பிரித்து, வெள்ளைக்குச் சதுரத்தை விட்டு, கறுப்புக்கு நிரப்பினார். பழுதான வரியில் ஓரிடத்துக்குப் பிறகு குறிகள் அர்த்தமில்லாமல் போகும். அதுவரை வந்தது சரியாகத்தான் இருக்கும். வரியின் வால் கெட்டால் மெசின் தலையையும் சேர்த்து எறிந்துவிடுகிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வக்கீல் இலக்கங்களை இடது ஓரத்தில் எழுதியிருந்தார். அவை வரிகளின் தலையில் இருந்தன.

மூன்று மணித்தியாலம். அந்த மூன்று மணித்தியாலமும் அக்கா ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு வரியைப் பிரிப்பார், எழும்பி வாசல் வரை போவார், மழையைப் பார்ப்பார், திரும்பி வந்து அதே வரியை முதலிலிருந்து பிரிப்பார். நான் லைனை அடித்து அடித்து விரல் நொந்தேன். வாங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்தப் பெண் மட்டும் போகவில்லை.

"பதினொண்டில ஏழு வரி கிடைச்சிருக்கு" என்றார் கடைசியில். "மற்ற நாலிலயும் தலையே போயிட்டுது. ஆனால் ஏழிலயும் இடப்பக்கம் வெள்ளை. ஆறெண்டால் அங்க கறுப்பு இருக்க வேணும்." பிறகு அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் குனிந்தார். "உங்கட ஆளின்ர இலக்கம் இதில இல்லை."

அந்தப் பெண் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். முகம் வெறுமையாக இருந்தது. "அப்ப செத்தது யாருங்க?" என்று கேட்டார்.



கிருலப்பனைக்குத் தொலைபேசியில் சொல்லலாமா என்று கேட்டேன். அக்கா ஏற்கனவே குடையை எடுத்துவிட்டார். வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனைக்கு முச்சக்கர வண்டியில் கன தூரமில்லை. வழியில், "அமைப்பை நான்தான் மாத்தினனான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "ஆக்கள் வடிவான காகிதம் கேட்டவை. நீர் குடுத்தனீர்." மழை உள்ளே அடித்தது. அவர் ஒதுங்கவில்லை. "நானும் இரண்டு கிழமையாப் பாக்கேல்லை. ஒரு பட்டையும் வரேல்லை எண்டு எனக்கு எப்பவோ சந்தேகம் வந்திருக்க வேணும்."

பாலத்தடியில் ஆமியின் சென்றிப் பொயின்ற், சோதனைச் சாவடி. எங்கே போகிறீர்கள் என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். சொந்தக்காரர் வீட்டுக்கு என்று நான் சொன்னேன்.

"சொந்தக்காரர் இல்லை. தெரியாத ஆள்" என்று அக்கா சிங்களத்திலேயே திருத்தினார்.

இரண்டு பேரையும் இறக்கி மழையில் இருபது நிமிடம் நிற்க வைத்தார்கள். அடையாள அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி, கேட்டு, திரும்பிக் கொண்டுவந்து தந்தார்கள். அந்த இருபது நிமிடத்தில் நான் அக்காவை வெறுத்தேன். போய்ச் சொல்லப் போகும் செய்தியை நினைத்தால், இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைத்தாலும் பரவாயில்லை என்றும் இருந்தது.

நாங்கள் போனபோது தகப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் நாளிலிருந்து பட்டினி கிடந்துவிட்டு அப்போதுதான் சாப்பிடுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். என் குரலை அடையாளம் கண்டு, "நீங்கள்தானே பிள்ளை சொன்னது, வாங்கோ, இருங்கோ" என்றார். சாப்பிட்டு முடியட்டும் என்று நான் கண்ணால் காட்டினேன். அக்கா வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

"ஐயா, மத்தியானம் நாங்கள் சொன்னது பிழை. அந்த இலக்கம் இருநூற்றுப் பதினைந்து."

அவருடைய கை சோற்றுக்கோப்பையில் நின்றது. "நிச்சயமோ?"

"இல்லை. ஏழு வரிதான் பாத்தனான். நாலு வரி எனக்கு இன்னும் தெரியாது."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எழும்பிக் கை கழுவினார். சட்டையைப் போட்டார். பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது; பக்கத்து வீட்டுக்காரர் கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டார். இரண்டு பேரும் அப்போதே தெற்குப் பஸ்ஸுக்குப் போனார்கள்.

போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. மூன்று நாள் அக்கா கடைக்குள் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கொப்பியைத் திறந்து அந்த ஏழு வரியையும் மறுபடி மறுபடி பிரித்தார். சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தாரா, பிழையாக இருக்க வேண்டும் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது. நான்காம் நாள் பகல் இறந்தவர் யார் என்று அரசாங்க அறிவித்தல் வந்தது. இருநூற்றுப் பதினைந்து. முகத்துவாரத்து மனிதர் அந்த வருட முடிவில் விடுதலையாகி, மனைவியோடு கடைக்கு ஒருமுறை வந்தார். வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

அக்காவுக்கு அடுத்த வருடம் விசா கிடைத்தது. விமான நிலையத்துக்குப் போகும்போதும், போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுவேன் என்று எல்லாரும் சொல்வதை அவர் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார். கடிதம் வரவில்லை.

கிருலப்பனைத் தகப்பன் கடைக்கு வந்தது அதற்கெல்லாம் முந்தி, மகனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த நாள். மொட்டை அடித்திருந்தார். என்னைத் தாண்டிக்கொண்டு நேராக அக்காவிடம் போனார்.

"ஆஸ்பத்திரியில ஆரும் கேட்டு வராத உடலுகளை ஞாயிறு காலமை புதைக்க இருந்தவையாம்" என்றார். "பெட்டிகூட எடுத்து வைச்சிருந்தவை. நான் முதல் நாள் இரவு போய்ச் சேர்ந்ததால பிள்ளையைக் கொண்டுவந்தனான்."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, எனக்கு முழுக்கத் தெரியாமத்தான் வந்து சொன்னனான். பிழையா இருந்திருந்தால்?"

தகப்பன் யோசிக்கவே இல்லை.

"பிழையா இருந்திருந்தால் அவனை உயிரோட பாத்திட்டு வந்திருப்பன்" என்றார். "எதுக்கும் நான் போகத்தானே வேணும், பிள்ளை."